சீனி வைத்த வாய்

அன்பு மகன் முகம்மது ரிபாய்க்கு, ஷார்ஜா ரோலாவிலிருந்து உன் வாப்பா கௌஸ் முகைதீன் சொல்லச் சொல்ல, மேல்மாடி சோலைமுத்து எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனதுக்குத்தான் ஆகவில்லை. கத்தார் ராஸ் லஃபானில் உன் உடம்பும் மனதும் சேர்ந்தே நன்றாக இருக்கட்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறேன். தினம் ராத்திரி போனில் பேசுகிறோமே, இந்தக் காலத்தில் வாப்பா ஏன் கடுதாசி கொடுத்து அனுப்புகிறார் என்று திகைக்காதே. எனக்குக் காது போன லட்சணத்தில் ஸ்பீக்கரில் போட்டால்தான் நீ பேசுவது கேட்கும், ஸ்பீக்கரில் போட்டால் வீடே கேட்கும், இது வீடு கேட்கக் கூடாத சங்கதி. உன் பெண்சாதி ரஹீமாவாவது சொல்லியிருப்பாள், ஆனால் உன் மகன் நுஃமான் அவளிடம் சத்தியம் வாங்கிவிட்டான், பிளான்ட்டை நிறுத்திவைத்துப் பார்க்கிற அந்த ஷட்டவுன் வேலை முடிகிறவரை வாப்பாவிடம் எதையும் சொல்லக் கூடாது, வாப்பா உசரத்தில் நின்று வேலை பார்க்கிறாஹ, மனசு அலையக் கூடாது என்று. பதினேழு வயதில் அவனுக்கு இருக்கும் அக்கறையைப் பார். என்னிடம் சத்தியம் வாங்க அவனுக்குத் தோன்றவில்லை. போனில் குரலைப் பதிந்து அனுப்பலாமே பாய் என்று சோலைமுத்து கேட்டான். என் குரல் இப்போது இருக்கும் இருப்பில் நீ கேட்டால் பயந்துபோவாய். அதனால் நாளைக்குத் தோஹாவுக்கு விமானம் ஏறுகிற இவன் சேக்காளி வீரபாண்டி கையில் இதைக் கொடுக்கிறேன், உங்கள் கேம்ப்புக்குத்தான் வருகிறானாம். படித்த பிறகு ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு யோசி, உடனே போனைத் தூக்காதே.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், கோர்வையாக இருந்தால்தான் விளங்கும். துபாயில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பந்தயம் வைத்தார்களே, அமெரிக்கா காலேஜ்களிலிருந்து கோச்சுமார் வந்து ஆள் பொறுக்குகிற பந்தயம், அதற்கு நானும் போயிருந்தேன். கம்பிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கவனித்தேன், பந்து எதிர்ப்பக்கக் கோலில் கிடக்கும்போதும் ரெண்டு பேர் பந்தைப் பார்க்கவில்லை, கோல் காக்கிற கோலியாக நின்ற நம்ம நுஃமானையே பார்த்தார்கள். ஒருத்தர் சிவப்புச் சட்டை, ஒருத்தர் நீலச் சட்டை. காலேஜ் பேரெல்லாம் என் வாயில் நிற்காது, அதனால் வீட்டில் சிவப்பு, நீலம் என்றே பேச்சு. அன்று தொடங்கியதுதான் மகனே, பெண் கேட்டு வருகிறவர்கள்கூட அப்படி வரமாட்டார்கள். சிவப்புக் காலேஜ் அவன் பிறந்தநாளுக்கு அவர்கள் டீம் பையன்கள் எல்லாரும் நின்று பாடி வீடியோ அனுப்பியது. நீலம் அடுத்த வாரமே கையுறை அனுப்பப் பார்த்து, அது சட்டப்படி கூடாதாம், கையுறையின் போட்டோவை மட்டும் அனுப்பியது. சிவப்பு தங்கள் ஊர்ப் பள்ளிவாசல் போட்டோ போட்டால், நீலம் பள்ளிவாசலும் அதற்குப் பக்கத்தில் ஹலால் கறிக்கடையும் சேர்த்துப் போட்டது. நீலத்தின் புல்தரை சரியில்லை என்று சிவப்பு சொல்லும், சிவப்பில் கோச்சு நிலைக்கமாட்டார் என்று நீலம் சொல்லும். ஒரு காலேஜ் ஒரு வருஷத்துக்கு ஒரே ஒரு கோலியைத்தான் எடுக்குமாம், அதுதான் இத்தனை இழுபறி. சோலைமுத்து அப்போது சொன்னான், பாய், எனக்குப் பொண்ணு பாக்க மூணு வருசமா அலையுறாக, ஒரு ஆளு திரும்பிப் பாக்கல, ஒங்க பேரனுக்குக் கடல் தாண்டி வாராக என்று.

பிறகு அந்தச் சிவப்புக் கோச்சு வீட்டுக்கே வந்தார். நீ அப்போது டூட்டியில், போனில் கேட்டுச் சிரித்தாய். ஆறடிக்கு மேல் உசரம், நம்ம வாசலில் குனிந்து வந்தார், செருப்பைக் கழற்றினார், யாரிடமோ கேட்டுப் படித்துக்கொண்டு வந்து சலாம் சொன்னார், இந்த வீட்டில் யார் சொன்னால் நடக்கும் என்று கேட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ரஹீமா நெய்ச்சோறும் களரிக் கறியும் வைத்தாள், கையாலேயே பிசைந்து சாப்பிட்டார். சாப்பிட்ட கையோடு, உங்கள் பேரனுக்கு எங்கள் கோல் கம்பத்தில் இடம் வைத்துவிட்டேன், நீங்கள் எனக்குத் தருவதாகச் சொல்லுங்கள் என்றார். ரஹீமாதான் தமிழில் சொன்னாள். ஒரு மனிதன் நம் வீட்டில் உப்புத் தின்றுவிட்டு இப்படிக் கேட்டால் நமக்கு வேறு என்ன தெரியும். ஃபாத்திஹா ஓதினேன், ரஹீமாவைச் சீனி டப்பாவை எடுத்துவரச் சொல்லி, சம்மந்தம் பேசி முடித்தால் வைப்பது போல அவர் வாயில் ஒரு சிட்டிகை, நுஃமான் வாயில் ஒரு சிட்டிகை. அவர் சிரித்துக்கொண்டே விரலில் ஒட்டியிருந்ததையும் நக்கினார். அது பேச்சு முடிந்ததற்குச் சாட்சி என்று நான் நினைத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு இவர்கள் வீட்டில் கொடுக்கும் இனிப்பு என்று அவர் நினைத்திருப்பார். இப்போதுதான் அது எனக்கு உறைக்கிறது.

இந்த ரோலாவில் சாப்பாட்டுக் கடை வைத்தவனுக்கு ஆள் பிடிக்கிற வித்தை தெரியாதா என்று நீ கேட்பாய். பரோட்டா மாஸ்டர் ஒருத்தன் கை நன்றாக இருந்தால் எதிர்க்கடைக்காரர் டீ குடிக்க வருவது போல வருவார், மாவு வீசுகிற கையைப் பார்ப்பார், ரூமில் ஏசி ஓடுதா, பிள்ளை என்ன படிக்கிறது என்று விசாரிப்பார், விசா கையில் வருகிறவரை அத்தனையும் வெறும் பேச்சு. பேங்க் தெருவில் ஒரு கடைக்காரர் ஒரே அடுப்புக்கு மூன்று பேரை ஊரில் பெட்டி கட்டவைத்தார், முதலில் எவனுக்கு விசா அடித்ததோ அவனை இறக்கினார், மற்ற ரெண்டு பேருக்கும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், இறங்கினவன் ஓடிப்போனால் எனக்கு ஆள் வேணாமா காக்கா என்றார். இதெல்லாம் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் அது கடை, இது வீடு. வீட்டுக்குள் வந்து சாப்பிட்டவரைக் கடைக்காரராக நினைக்க எனக்கு வரவில்லை.

அடுத்து நீலக் கோச்சும் வீட்டுக்கு வருகிறேன் என்றார். நுஃமான் வேண்டாம் என்று எழுதிவிட்டான், தாத்தா என்னைத்தான் அப்பா என்பானே, எங்கள் அப்பா சொல்லுக் கொடுத்துவிட்டார் என்று. அந்த மனிதர் நல்லவர், கோபப்படவில்லை, உன் தாத்தாவுக்கு என் சலாம், மனசு மாறினால் சொல்லு என்றார். சிவப்பிலிருந்து முதலில் தினமும் சேதி வரும். பிறகு வாரத்துக்கு ஒன்று. பிறகு இவன் நாலு வரி எழுதினால் அங்கிருந்து ஒரு கட்டைவிரல் படம். பிறகு அதுவும் இல்லை. போன வாரம் உன் மகள் ஹிஃப்ஸா தன் போனில் எதையோ பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள், அப்பா, இது நம்ம ரெட் கோச்சுதானே என்று. அவர்தான். பக்கத்தில் தாடி முளைத்த ஒரு ஜெர்மன்காரன், கையில் கோலிச் சட்டை, ரெண்டு பேரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். வேறு காலேஜில் ரெண்டு வருஷம் விளையாடி முடித்தவனாம், இப்போது அப்படி ஆடிப் பழகினவர்களைக் காலேஜ் மாற்றிக் கூட்டி வருவதுதான் வழக்கமாம், புதுப் பிள்ளையை வளர்க்கிற பொறுமை யாருக்கும் இல்லையாம். ரஹீமா விசாரித்துச் சொன்னாள்.

அதைப் பார்த்து நான் இடிந்துபோனேன், நுஃமான் இடியவில்லை. இட்ஸ் ஓகே அப்பா, அவர் இன்னும் எனக்கு நோ சொல்லலையே என்கிறான். ஒரு கோலிதான் எடுப்பார்கள் என்று நீதானே சொன்னாய் என்றால், சில சமயம் ரெண்டு எடுப்பாங்க என்கிறான். சிவப்பு பனியன் ஒன்றை இவனே காசு கொடுத்து வாங்கித் திரைக்கம்பியில் மாட்டி வைத்திருக்கிறான், படுத்தால் அதைப் பார்த்துத்தான் படுக்கிறான். இதற்கு நடுவில் நீலக் கோச்சுக்கும் அந்தப் படம் கண்ணில் பட்டிருக்கிறது. தானாகவே திரும்ப எழுதினார், இந்தத் தடவை பேச்சு இல்லை, காகிதமே அனுப்பிவிட்டார், படிப்பு, தங்கல், சாப்பாடு எல்லாம் காலேஜ் பொறுப்பு என்று. இவனுக்குப் பதினெட்டு ஆகாததால் இவன் கையெழுத்தோடு தகப்பன் கையெழுத்தும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரை உனக்காக வைத்திருப்பேன், அதற்குப் பிறகு பிரேசில் பையன் ஒருத்தன் காத்திருக்கிறான், அவனையும் நான் ஏமாற்றக் கூடாதே என்று எழுதியிருக்கிறார். நீ போனில் என்னடா சேதி என்று கேட்கும்போதெல்லாம் எல்லாம் நல்லா இரிக்கி வாப்பா என்கிறானே, அப்போது இந்தக் காகிதம் இவன் போனுக்குள்தான் கிடந்தது.

நானே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன், சொல்லுக் கொடுத்தவன் நான், அந்தச் சொல்லை நானே விட்டுவிட்டேன், நீ நீலத்துக்குப் போ ராசா என்று. என்ன சொன்னான் தெரியுமா. மாஹிரா மாமி கதையை எனக்கே திருப்பிச் சொன்னான். உன் தங்கச்சி மாஹிராவுக்குச் சீனி வைத்த பிறகு தூத்துக்குடி டாக்டர் மாப்பிள்ளை வந்ததும், சீனி வைத்த வாயை மாற்றமாட்டேன் என்று நான் திருப்பி அனுப்பியதும், இன்றைக்கு அவள் பஹ்ரைன் குதைபியாவில் குறையில்லாமல் இருப்பதும், பெருநாளைக்குப் பெருநாள் இந்த வீட்டில் எல்லாரும் கூடி உட்கார்ந்து பெருமையாகச் சொல்கிற கதைதானே. அப்போ மட்டும் மாத்தமாட்டியளோ, இப்ப எனக்கு மட்டும் மாத்துவியளா அப்பா என்கிறான். சீனி வைத்த அந்த மாப்பிள்ளையும் நம்மிடம் சொல்லு மாறவில்லையடா, ரெண்டு பக்கமும் நின்றால்தான் சொல்லு என்றேன். அவரும் மாறலையே, மாறிட்டேன்னு சொன்னாரா என்று கேட்டான். என் வாயில் இருந்து வந்ததை வைத்தே என் வாயை அடைத்துவிட்டான். சோலைமுத்துவும் பேசிப் பார்த்தான், தம்பி, காண்ட்ராக்ட்டுல கையெழுத்துப் போட்டுட்டே எங்கள ஏமாத்துறானுவ, சீனிக்கு எவன்யா கட்டுப்படுவான் என்று. அவன் சிரித்தான், அவ்வளவுதான்.

கடைசியில் அந்தச் சிவப்பு மனிதர் வாயாலேயே வேண்டாம் என்ற ஒரு சொல்லை வாங்கிவிட்டால் இவன் விடுதலையாகிவிடுவான் என்று கணக்குப் போட்டேன். எனக்கு அரபி வரும், இந்தி வரும், மலையாளம் வரும், இங்கிலீஷ் மட்டும் கடைக்கு வரவில்லை. ஹிஃப்ஸாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் போனில் பேசிப் பதிந்து அவருக்கு அனுப்பினேன். கோச் சாப், ஐ கிராண்ட்பா, நோ என்றால் நோ சொல்லு, பாய் வெயிட்டிங், ப்ளீஸ் என்று. அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. நேற்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு நுஃமான் போனைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடி வந்தான், முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சிவப்பிலிருந்து பதில். உன் தாத்தாவிடமிருந்து சேதி வந்தது, முழுசாக விளங்கவில்லை, ஆனால் அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அந்தச் சீனியை இன்னும் மறக்கவில்லை என்று சொல்லு என்று எழுதி, ஒரு இதயப் படமும் ஒரு கட்டைவிரலும். அவ்வளவுதான். இடம் இருக்கிறது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. பாத்தியளா அப்பா, மறக்கலயாம் என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டான் உன் பிள்ளை. நான் அவன் முதுகைத் தட்டினேன், வேறு என்ன செய்ய. இன்றைக்குச் சாயங்காலமும் மைதானத்துக்குப் போய் விழுந்து விழுந்து பந்து பிடித்துவிட்டு முழங்கை தேய்ந்து வந்திருக்கிறான்.

இனி நீதான் மகனே. நீ திட்டினால் அவன் கேட்டுக்கொள்வான், கையெழுத்தும் போடுவான், ஆனால் வாழ்நாளுக்கும் சொல்லு மாறினவனாகத் தன்னை நினைத்துக்கொள்வான். திட்டாவிட்டால் ஞாயிறு போய்விடும். உனக்கு இங்கிலீஷ் வரும், நீ அந்தச் சிவப்புக் கோச்சைக் கூப்பிட்டு ஆண்பிள்ளையாக ஒரு பதில் சொல்லச் சொல், எடுப்பாரோ என்னவோ. ரஹீமா நீ செய்யவேண்டியது என்று வேறு ஒன்று சொன்னாள். சமையல்கட்டில், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சொன்னாள். கோச்சு எடுக்காவிட்டாலும் எடுத்ததாகவும், பேசியதாகவும், வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டதாகவும் அவஹ இவனிடம் சொல்லட்டும் மாமா, வாப்பா சொன்னா நம்பிடுவான் என்று. இதை எழுதாதே என்று சோலைமுத்துவிடம் சொன்னேன். எழுதிட்டேன் பாய், அடிச்சிரவா என்று பேனாவைத் தூக்கிக்கொண்டு கேட்கிறான். அடுத்த வரியை எழுது என்றேன்.

உசரத்தில் ஏறும்போது பெல்ட்டைக் கொக்கியில் மாட்டியிருக்கிறாயா என்று ரெண்டு தரம் பார். உப்புத் தண்ணீர் குடி. அல்லாஹ் உன் கைக்கும் காலுக்கும் பலத்தைத் தருவானாக, உன் பிள்ளைக்கு நல்ல வழியைத் திறப்பானாக, நம் எல்லாருடைய நாவையும் காப்பானாக, ஆமீன். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே, அங்கே உனக்கு ராத்திரி என்றால் அமெரிக்காவில் அவர்களுக்குப் பகல்.

துஆவுடன், உன் வாப்பா
கௌஸ் முகைதீன்