அக்கா வரும் நாளில் ஐஸ் பட்டாணி

சோலைமலை திண்டுக்கல் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தான். "காய்க்கடைக்காரன் வீட்டுல ஐஸ் பட்டாணியா? மதியம் அக்கா வருது, அத அடுப்புல ஏத்திராத" என்று காலையில் மனைவி தமிழ்மதியிடம் கத்திவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். அவள் ஃப்ரீசரிலிருந்த பட்டாணிப் பாக்கெட்டைப் பிரித்துக் குருமாவில் கொட்டினாள். சின்னாளப்பட்டிச் சேலைக் கடைக்கு வேலைக்குக் கிளம்பும் முன் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்புறம் எழுதினாள்.

"ஐஸ் பட்டாணிதான் போட்டுருக்கேன். உக்காந்து உரிச்சுக்கிட்டிருந்தா எட்டு மணி பஸ்ஸ யாரு பிடிக்கிறது? சின்னச் சட்டில கத்திரி வத்தக் குழம்பு. நீங்க விக்காமக் கொண்டாந்த கத்திரிக்காயத்தான் மாடில காயப்போட்டு வச்சிருந்தேன். மதியம் வீட்டுக்கு வந்ததும் ரெண்டையும் சுடவச்சு அக்காவுக்குப் பரிமாறுங்க. போகும்போது சாவியப் பக்கத்து வீட்டுல குடுத்துருங்க.

பச்சக் காயிதான் வேணும்னா நீங்களே நறுக்கி ஆக்குங்க. அருவாமனை கதவுக்குப் பின்னாடி இருக்கு."

கையெழுத்துப் போட்ட பிறகும் மனசு கேட்கவில்லை. தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதினாள்: "கோவத்துல சாப்பிடாம இருந்துறாதீங்க. சுகர் மாத்திரை ஃப்ரிட்ஜ் மேல."

மதியம் இரண்டரைக்கு அவன் வீட்டிலிருந்து ஃபோன் செய்தான். குரல் இறங்கியிருந்தது.

"பட்டாணி எங்க வாங்குனதுன்னு அக்கா கேக்குது. அது வீட்டுக்கும் வேணுமாம்."

"ஃப்ரீசர்ல இன்னொரு பாக்கெட் இருக்கு. உங்க கையாலயே எடுத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, தமிழ்மதி அடுத்த சேலையை விரித்தாள்.