உள்ளான் காலில் இருந்த வளையம்

அபுதாபி
14.10.1988

அன்பு மனைவி மெஹருன்னிசாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். அம்மாவின் மூட்டுவலியும் நஸ்ரியாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

ஊர் திரும்பிய இன்ஜினியர் ஒருவர் பறவைகளைப் பற்றிய ஆங்கிலப் புத்தகத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வேலை முடிந்ததும் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பக்கம், கூடவே ஒரு டீ. அதுதான் இப்போது என் சந்தோஷம். கதையில்லை, அத்தனையும் நிஜம். நீயும் படிக்க வேண்டும்.

அதில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, என் அறையில் தங்கியிருக்கும் அனுமந்தை ஊர்க்கார அர்ச்சுனன், "டேய், இது நம்ம உப்பளத்துக்கு வர்ற உள்ளான்டா" என்றான். நாம் வறுத்துத் தின்னும் அதே உள்ளான். வடகோடிப் பனியிலிருந்து வருகிறதாம். இந்தக் கடிதம் இரண்டு சேர்ந்தால் என்ன எடையோ, அவ்வளவுதான் அது. வெகுநேரம் எனக்குப் பக்கத்தைத் திருப்பவே தோன்றவில்லை.

போன வெள்ளிக்கிழமை அதைத் தேடிக் கடலோரச் சேற்றில் இறங்கினேன். தண்ணீர் ஏறியதைக் கவனிக்கவில்லை. அர்ச்சுனன் இழுத்துவிட்டான். செருப்புதான் போனது, வேறொன்றுமில்லை.

மூன்று வருடம் முன்பு நான் லீவில் வந்தபோது, நீ சுத்தம் செய்த உள்ளான் காலில் ஒரு தகர வளையம் இருந்ததே, நஸ்ரியா பொம்மைக்கு மாட்டினாளே, அதில் நம்பரும் விலாசமும் இருக்குமாம். எங்கேயோ ஒருவர் அதைப் போட்டுப் பறக்கவிட்டு, யாராவது கடிதம் எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாராம். அந்த நம்பரையும் விலாசத்தையும் பார்த்து எனக்கு எழுதி அனுப்பு. நாம் தின்றுவிட்டதைச் சொல்லலாமா என்பதையும் நீயே சொல்.

ஷூ வாங்க வேண்டும், நஸ்ரியாவின் பாத அளவை நூலில் எடுத்து அனுப்பு. எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று தெரியவில்லை.

தபால் கொண்டுபோகிறவர் கிளம்புகிறார். வளையத்தை மறந்துவிடாதே. அந்த மனிதர் மூன்று வருடமாகக் காத்திருக்கிறார். உன் கடிதம் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, எனக்கே இப்படி இருக்கிறது.

ஜக்கரியா