அமெரிக்கா ஒத்துக்கொள்ளாத அண்ணன்

சுவாமே, குமாசி
7 மார்ச் 1999

அன்புத் தங்கை பிராகோவுக்கு,

நீ எனக்கு அநியாயம் செய்திருக்கிறாய். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய கையோடு அந்த அரசாங்கத்துக்கு நீ ஒரு மனு கொடுத்திருக்கிறாய். கானாவில் எனக்கு ஒரு சகோதரன் இருக்கிறான், அவனை இங்கே நிரந்தரமாகக் குடியேற விடுங்கள் என்று. அந்தச் சகோதரன் அசாரே. நான் இல்லை. என் பெயர் அதில் எங்கும் இல்லை. பதினோரு வருடமாக இது உனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நேற்று ஒரு லாரியின் பின்பலகையில் எழுத்து வரைந்துகொண்டிருந்தேன். அசாரே ஆடிக்கொண்டே பட்டறைக்குள் வந்தான்.

“அண்ணே, நேர்காணலுக்குக் கூப்பிட்டுட்டாங்க! அக்டோபர்ல! பொண்டாட்டி புள்ளைங்களோட கெளம்பறேன்!”

தூரிகையைக் கீழே போட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டேன். நானும் ஆடினேன். சட்டை முழுக்கச் சிவப்பு வண்ணம். பிறகு கேட்டேன்.

“சரி, எனக்கு எப்ப வரும்?”

அவன் ஆட்டம் நின்றது. “அக்கா உங்களுக்கு இன்னும் எழுதலியா அண்ணே?”

நீ நாலு வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தவள். என் அம்மா கொனாடு பெண் குழந்தை வேண்டும் என்று கேட்டாள். உன்னைப் பெற்ற அஃபுவா சின்னம்மா தயங்காமல் உன்னைத் தூக்கிக் கொடுத்தாள். அன்று முதல் நீயும் நானும் ஒரே கிண்ணத்தில் ஃபுஃபு தின்றவர்கள். உன் பள்ளிப் புத்தகத்தைத் திருடித்தான் நான் எழுத்தே கற்றேன். ஒபுவாசியில் சின்னம்மாவிடம் வளர்ந்த அவள் மகன் அசாரேயை நீ கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் பார்த்தாய். அவன் தம்பி. நான் யார்?

தொலைபேசியில் கூப்பிடாதே, எடுக்கமாட்டேன். எழுத்தில் பதில் வேண்டும்.

உன் அண்ணன்,
க்வாகு தாப்பா


வூஸ்டர், மாசசூசெட்ஸ்
2 ஏப்ரல் 1999

என் அன்பான அண்ணாவுக்கு,

பிராகோவின் ஆயிரம் வணக்கம். உங்கள் கையெழுத்தை உறையில் பார்த்ததும் துள்ளிக் குதித்தேன். எத்தனை வருடத்துக்குப் பிறகு! முதல் வரியைப் படித்ததும் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். திட்டுவதற்காவது எழுதினீர்களே.

நடந்ததைச் சொல்கிறேன். குடியுரிமை கிடைத்த மறுநாளே உங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதி எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் போனேன். முதல் பெயர் உங்களுடையதுதான். அதைக் காட்டி அவர் கேட்டார்.

“உங்க ரெண்டு பேருக்கும் ஒரே அம்மாவா?”

“ரெண்டு அம்மா சார். அக்கா, தங்கச்சி.”

“அப்ப அவரு உன் கசின்.”

“இல்ல சார். அண்ணன்.”

“அப்பாவாவது ஒண்ணா?”

“இல்ல.”

“அப்ப கசின்தான்மா.”

புருஷன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், ஒரே தாய்க்கோ தகப்பனுக்கோ பிறந்தவர்கள். இந்த நாட்டுக் குடிமகள் இவர்களுக்குத்தான் மனுப் போடலாமாம். அதற்குமேல் கதவு இல்லை. அவர் உங்கள் பெயரைப் பேனாவால் அடித்தார். நம் ஊரில் அப்படி ஒரு சொல்லே கிடையாது என்று கத்தினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

இதை உங்களுக்கு எப்படி எழுதுவேன் அண்ணா? ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். நானே எழுதுகிறேன், நீ சொல்லாதே என்று அசாரேயிடமும் கேட்டுக்கொண்டேன். அவனைத் திட்டாதீர்கள். என்னைத் திட்டுங்கள், ஆனால் எழுதித் திட்டுங்கள். அண்ணியை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
பிராகோ


சுவாமே, குமாசி
25 ஏப்ரல் 1999

அன்புத் தங்கை பிராகோவுக்கு,

கசின்! இந்தச் சொல்லை இங்கே பட்டறையில் எல்லாரிடமும் காட்டினேன். அது என்ன உதிரிப்பாகம், எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று கேட்கிறார்கள். ஒரு டிரைவர், “பெரியம்மா மகன் அண்ணன் இல்லன்னா அவன் வீட்டுப் பொண்ணைக் கட்டிக்கலாம்னு அர்த்தமா? அமெரிக்காக்காரன் அப்படித்தான் பண்றானா?” என்றான். எல்லாரும் வாயில் அடித்துக்கொண்டார்கள். நம் வீட்டு வாசற்படியை அந்தச் சொல் மிதிக்காது. நான் உயிரோடு இருக்கிறவரைக்கும் மிதிக்காது.

சரி, கோபம் போதும். உட்கார்ந்துகொள். ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன்!

அசாரேக்கு வந்த உறையில் ஒரு விளக்கப் புத்தகம் இருந்தது. அவன் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுவதும் படித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்துக்குக்கூடப் போகவில்லை. அதில் இருக்கிறது பிராகோ! தத்துப் பிள்ளையும் பிள்ளைதான் என்று இருக்கிறது! சின்ன வயதிலேயே தத்துக் கொடுத்து, தத்தெடுத்த வீட்டிலேயே வளர்ந்திருந்தால், அந்த வீட்டுப் பிள்ளைகள் கூடப் பிறந்தவர்கள்.

என் அம்மா உன்னைத் தத்தெடுத்தாள் அல்லவா? பெரியவர்கள் முன்னால் மூதாதையருக்கு ஜின் சாராயம் வார்த்து, இவள் இனி கொனாடுவின் மகள் என்று சொல்லித்தானே கொடுத்தார்கள்? பாடு மாமா அன்றைக்கு அங்கே இருந்தார், இன்றைக்கும் கல்லு மாதிரி இருக்கிறார். உன் வக்கீல் இதை உன்னிடம் கேட்டாரா? நீயாவது சொன்னாயா? உடனே போய்க் கேள். அந்தப் பழைய வக்கீல் வேண்டாம், அவன் முகத்தில் முழிக்காதே. வேறு ஆளைப் பார்.

உன் அண்ணன்,
க்வாகு தாப்பா


வூஸ்டர்
20 மே 1999

அண்ணா! அண்ணா! அண்ணா!

முடியும் என்று சொல்லிவிட்டார்கள்! புது வக்கீல் ஒரு அம்மாள். உங்கள் கடிதத்தை அப்படியே அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “உங்க அண்ணன் என்ன படிச்சிருக்காரு?” என்று கேட்டார். “என் புத்தகத்தை” என்றேன்.

குமாசி கோர்ட்டில், நம் வழக்கப்படி அந்தத் தத்து நடந்தது உண்மை என்று நீதிபதி எழுதித் தர வேண்டும். பார்த்த சாட்சிகள் வந்து சொல்ல வேண்டும். அந்தத் தீர்ப்பு கையில் கிடைத்தால் நான் உங்களுக்கு மனுப் போடலாம். அதற்குப் பிறகு வரிசையில் காத்திருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகும் என்றார். அண்ணாவுக்கு எழுபது ஆகிவிடுமே என்று முகம் வாடியது. பரவாயில்லை, அண்ணா பிடிவாதக்காரர், காத்திருப்பார் என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டேன்.

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் இன்றைக்கு நான் ஜொலொஃப் சோறு செய்து கொண்டுபோனேன். என்ன விசேஷம் என்றார்கள். எனக்கு அண்ணன் பிறந்திருக்கிறான் என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

சீக்கிரம் சாட்சிகளைக் கூட்டுங்கள்.

உங்கள் தங்கை,
பிராகோ


சுவாமே, குமாசி
4 ஜூலை 1999

அன்புத் தங்கை பிராகோவுக்கு,

எழுபது என்ன, நூறு வயதானாலும் காத்திருப்பேன். சாகிற எண்ணம் எனக்கு இப்போதைக்கு இல்லை.

சனிக்கிழமை குடும்பக் கூட்டம் போட்டேன். பாடு மாமா குடும்பத் தலைவர் என்கிற தோரணையில் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். கிழவருக்குக் காது மட்டும்தான் மந்தம்.

“மாமா, பிராகோவ எங்கம்மா தத்தெடுத்த அன்னிக்கு நீங்க அங்க இருந்தீங்களா?”

“இல்லாம? ஜின் பாட்டிலத் தொறந்ததே நான்தான்.”

“கோர்ட்ல சொல்லுவீங்களா?”

“எந்தக் கோர்ட்லயும் சொல்லுவேன். ஆனா பாட்டில்ல பாதிய உங்கப்பன் குடிச்சுட்டான், அதையும் சொல்லணுமா?”

கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. அசாரேதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். அவனே கோர்ட் வாசலுக்கு என்னோடு அலைகிறான். “அண்ணே, நான் முன்னாடி போயி உங்களுக்குக் குளிர் எப்படியிருக்குன்னு சொல்றேன், நீங்க பின்னாடி வந்து என்னை அதட்டுங்க” என்கிறான். அவன் பிள்ளைகள் இப்போதே மூக்கால் இங்கிலீஷ் பேசுகின்றன. என் மனைவி எனக்குத் தெரியாமல் சந்தையில் பழைய கம்பளிக் கோட் ஒன்று வாங்கி வந்து போட்டுப் பார்க்கச் சொன்னாள். குமாசி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தேன். நடக்கிறவன் யார் என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்றுதான்.

செப்டம்பர் இருபதாம் தேதி வழக்கு. சாட்சிகள் தயார். நீதிபதியும் தயார். அவருடைய காரில் பெயர் எழுதியவனே நான்தான், அதை மட்டும் யாரிடமும் சொல்லாதே.

உன் அண்ணன்,
க்வாகு தாப்பா


வூஸ்டர்
9 ஆகஸ்ட் 1999

அன்பான அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

வக்கீல் அம்மாள் நேற்று என்னைக் கூப்பிட்டார். அசாரேயின் மனுவையும் நம் தத்துக் காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். “உன்னால ரெண்டையும் பண்ண முடியாது” என்றார்.

கொனாடு அம்மா என்னைத் தத்தெடுத்தாள் என்று தீர்ப்பு வந்துவிட்டால், இந்த நாட்டுச் சட்டப்படி அஃபுவா அம்மா எனக்கு அம்மா இல்லையாம். அவள் அம்மா இல்லை என்றால் அவள் பெற்ற அசாரே எனக்குத் தம்பி இல்லை. அவன் மனு அந்த நிமிடமே செத்துவிடும். அவன் வந்து சேர்ந்த பிறகு நாம் தீர்ப்பு வாங்கினாலும், அவனுடைய குடியேற்றத்தையே கேள்வி கேட்பார்கள்.

ஒருவர்தான். நீங்கள் அல்லது அவன்.

நீங்கள் சொல்வதில் கையெழுத்துப் போடுகிறேன் அண்ணா. உங்கள் பெயரைச் சொன்னாலும் போடுவேன். ஏற்கெனவே ஒரு தடவை உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன், இந்தத் தடவை கேட்டுவிட்டுச் செய்கிறேன். அசாரேக்கு நான் எதுவும் எழுதவில்லை.

பிராகோ


சுவாமே, குமாசி
1 செப்டம்பர் 1999

அன்புத் தங்கை பிராகோவுக்கு,

உன் கடிதத்தை அசாரேயிடமே கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். ஒளித்து வைப்பது எனக்குப் பழக்கமில்லை. பாதியில் தாளை என்னிடம் நீட்டினான். மீதியை நான் படித்தேன்.

“நீங்க போங்கண்ணே” என்றான். “நீங்கதான் மூத்தவரு. நான் இத்தனை நாள் உங்ககிட்ட மறைச்சதுக்கு இது சரிதான்.”

“மூத்தவன் நான்தானே?”

“ஆமாண்ணே.”

“அப்ப முடிவு பண்றது என் வேலை. நீ வாய மூடிட்டு உன் பொண்டாட்டியப் போயி சமாதானம் பண்ணு. அங்க பாரு, துணி முனைய வாயில வெச்சுக்கிட்டு அழுவுது.”

வழக்கை நான் வாபஸ் வாங்கிவிட்டேன். தம்பிக்காக விட்டுக்கொடுத்தான் என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே. நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. நம் வீட்டில் யாரும் யாருக்கும் கசின் இல்லை என்று ஏப்ரலில் சொன்னேன். செப்டம்பரிலும் அதையேதான் சொல்கிறேன். அந்த நீதிபதி முன்னால் நான் போய் நின்றால், எந்தச் சொல்லுக்காக உன்னோடு சண்டை போட்டேனோ அதை நானே அசாரேயின் தலையில் கட்ட வேண்டும். நீயாவது சட்டம் முழுதாகத் தெரியாமல் செய்தாய். நான் செய்தால் தெரிந்தே செய்வதாகும். அஃபுவா சின்னம்மா உன்னை எங்களுக்குக் கொடுத்தாள். அதற்குக் கூலியாக அவளை உனக்கு அம்மா இல்லை என்று எழுதி வாங்குவதா? நமக்கு இரண்டு அம்மாக்கள். ஒருத்தியைக்கூட அமெரிக்காவுக்குத் தரமாட்டேன்.

இப்போது சந்தோஷமான செய்தி. நான் அமெரிக்கா வருகிறேன்!

குடியேற அல்ல, பார்க்க. பார்த்துவிட்டுத் திரும்புகிறவனுக்கு வேறு விசா இருக்கிறது. அதற்கு ஒரே தாய் வயிறு தேவையில்லை, திரும்பி வருவான் என்று அவர்கள் நம்பினால் போதும். எனக்கு இங்கே பட்டறை இருக்கிறது, மனைவி இருக்கிறாள், முடிக்காத சண்டைகள் நிறைய இருக்கின்றன. திரும்பாமல் எங்கே போவேன்? நிரந்தரமாக உன் வீட்டில் இருந்தால் ஒருத்தரை ஒருத்தர் கொன்றுவிடுவோம். உன்னை நேரில் திட்ட மூன்று வாரம் தாராளம்.

ஆகவே, ஒவ்வொருவரும் செய்ய வேண்டியதை எழுதுகிறேன்.

நீ ஓர் அழைப்புக் கடிதம் எழுத வேண்டும். முதல் வரியில் ‘என் அண்ணன்’ என்று எழுது. அடுத்த வரியில் எங்கள் அம்மாக்கள் அக்காவும் தங்கையும் என்று எழுது. இரண்டும் உண்மை, இரண்டையும் எழுது, எதையும் மறைக்காதே. கிறிஸ்துமஸுக்கு உனக்கு விடுமுறை வேண்டும் என்று இப்போதே கேட்டு வை.

உன் வக்கீல் அம்மாள் தத்துக் காகிதங்களைக் கட்டிப் பெட்டியில் போட வேண்டும். அவருக்கு என் வணக்கம். அவர் நல்ல பெண்மணி, ஆனால் என் விஷயத்தில் இனி யோசனை சொல்ல வேண்டாம்.

அசாரே அக்டோபரில் நேர்காணலுக்கு மனைவி பிள்ளைகளோடு நேரத்துக்குப் போக வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், ஆடக் கூடாது. விமானம் ஏறுகிறவரை என் பட்டறைக்குத் தினமும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.

பாடு மாமா இரண்டு பயணத்துக்கும் சேர்த்து ஜின் வார்க்க வேண்டும். பாட்டிலை அவரே திறக்கட்டும், வாங்குவதும் அவரே.

நான் அக்ராவுக்குப் போய்த் தூதரக ஜன்னலில் நிற்க வேண்டும். அமெரிக்காவில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். தங்கை என்பேன். ஒரே அம்மாவா என்று கேட்டால், இரண்டு அம்மா, தங்கை என்பேன். கசினா என்று கேட்டால், தங்கை என்பேன். இல்லை என்று திருப்பி அனுப்பினால், அடுத்த மாதம் அதே ஜன்னலில் போய் நிற்பேன்.

அந்த அதிகாரி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நான் சொல்வதை, நான் சொன்னபடி எழுதிக்கொள்ள வேண்டும்.

உன் அண்ணன்,
க்வாகு தாப்பா