கூப்பிடக் கூடாத பெயர்

அன்புள்ள ஜெமோவித்,

நான் நலம். நீயும் உன்னோடு போனவர்களும் நலமாக இருக்க வேண்டும் என்று மாதாவை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதம் மார்ச்சின் கையில் வருகிறது. நீ ஓட்டிப்போனதற்கு அடுத்து நம் ராணுவ வண்டிச் சங்கம் உக்ரைனுக்கு அனுப்பும் ஆம்புலன்ஸை அவன்தான் ஓட்டி வருகிறான். எல்லை தாண்டியதிலிருந்து உன் போன் ஊமையாகிவிட்டதே. அது சிக்னல் இல்லாத பகுதி என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் எனக்கு அதையே சொல்லிக்கொள்கிறேன்.

ராணுவ வண்டிக் கண்காட்சிக்கு இந்த வருஷம் தனியாகத்தான் வந்தேன். அதே கடலோர மைதானம், அதே சேறு, அதே டீசல் புகை. உன் ஜீப்பை நானே ஓட்டி வந்தேன். சிரிக்காதே, கியர் அவ்வளவாக அழவில்லை. உனக்கு இரும்புப் பைத்தியம், எனக்குக் கூடாரப் பைத்தியம் என்பாயே, அது மாறவில்லை. எந்த டாங்கி எந்த நாட்டுடையது என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஈரப்புல் வாசனையும், துணிமேல் தூறல் விழும் சத்தமும், காலையில் திறந்தவெளியில் கொதிக்கும் காப்பியும் போதும் எனக்கு.

சமமாக இருக்கிறதே என்று ஒரு இடத்தில் முளைக்குச்சி அடிக்கப் போனேன். பக்கத்துக் கூடாரத்துப் புரோன்கா ஓடி வந்து, "அடியே, அது டாங்கி திரும்புற பாதைடி! சப்பையாயிடுவே!" என்று கத்தினாள். அதைச் சொல்லிச் சொல்லி அன்று முழுக்க என் மானத்தை வாங்கினாள். பட்டாணி சூப் வரிசையில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். நீ இருந்திருந்தால் உன் சிரிப்புதான் பெரிதாகக் கேட்டிருக்கும்.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

சனிக்கிழமை மாலை, வழக்கம்போல, சங்கத்து ஆட்களில் இறந்துபோனவர்களின் பெயர்களைப் பெரியவர் கெர்வாஸி கூப்பிட்டார். பட்டாளத்தில் "களத்தில் வீழ்ந்தார்" என்பார்கள். நாமோ ஒவ்வொரு பெயருக்கும் "முன்னாடி போயிட்டார்!" என்று ஒரே குரலில் பதில் சொல்வோம். அவர் எந்தக் காகிதமும் பார்ப்பதில்லை, எல்லாம் மனப்பாடம். கடைசிப் பெயர் முடிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு பெயர் கூப்பிட்டார். உன் பெயர்.

வாய்க்குப் பழகிய பதில் நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது? மொத்தக் கூட்டமும் பதில் சொல்லிவிட்டது. அதில் நானும் ஒருத்தி. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது.

கெர்வாஸியின் முகம் வெளுத்துவிட்டது. "எப்படி வந்துச்சுன்னு தெரியலம்மா. வாய் என்னுதுதான். ஆனா நான் சொல்லல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் குடித்திருக்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.

ஞாயிறு விடிந்தபோது கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்திருந்தது. கூடாரத்தைத் திறந்தால் ஜீப் மட்டும்தான் தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன். எஞ்சின் மூடி வெதுவெதுப்பாக இருந்தது. சாவி என் கழுத்திலேயே கிடந்தது, ஜெமோவித். நான் ஸ்டியரிங்கோடு ஒட்டிப் போட்டிருந்த இருக்கை, கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. உன் கால்களுக்குத்தான் அவ்வளவு இடம் வேண்டும்.

"எவனோ குடிகாரன் வேலைடி, மனசப் போட்டு ஒழப்பிக்காதே" என்றாள் புரோன்கா. சொல்லிவிட்டு, என்னைத் தனியே விடாமல் மாலைவரை கூடவே உட்கார்ந்திருந்தாள். அவளும் பயந்துபோயிருக்கிறாள்.

கெர்வாஸி கிளம்பும்போது தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார். உயிரோடு இருப்பவன் பெயரைத் தவறிக் கூப்பிட்டால் அதற்கு ஒரு வழி உண்டாம். "அந்த ஆளே தன் வாயால 'இங்கதான் இருக்கேன்'னு சொல்லணும். பொண்டாட்டியே ஆனாலும் அவனுக்காக வேற யாரும் சொல்லக் கூடாதும்மா" என்றார். நான் ஏற்கெனவே உனக்காக மனதுக்குள் அதை ஆயிரம் தடவை சொல்லியிருந்தேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

எல்லோரும் போய்விட்டார்கள். வேலிக் கம்பிகளைக்கூடச் சுருட்டிவிட்டார்கள். நான் இன்னும் கூடாரத்தைப் பிரிக்கவில்லை. மார்ச்சின் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு நிற்கிறான். "சீக்கிரம் முடிங்கக்கா, பனி எறங்குது" என்கிறான். அதனால் கையெழுத்து இப்படி ஓடுகிறது.

பெரிதாக எதுவும் எழுத வேண்டாம். இங்கேதான் இருக்கிறேன் என்று ஒரு வரி போதும். மாதா உன் பக்கத்தில் இருக்கட்டும். அப்படி எழுத முடியாத இடத்தில் நீ இருந்தால், அன்று காலை வந்த மாதிரியே வா. நான் பயப்பட மாட்டேன். என்னை எழுப்பாமல் மட்டும் போய்விடாதே.

உன்,
யாக்னா