எரிமலையின் வாய்க்குப் பத்து நிமிட நடை

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் பிறம்ரனிலிருந்து கார் ஓடி வந்து, என் குசினி மேசையில் ஒரு தாளை வைத்துவிட்டுப் போனாள். உல்லாசக் கப்பல் கொம்பனிக்காரர் அச்சடித்த வழவழப்பான தாள். மேலே மலையின் படம், கீழே இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்துப் பழைய கோட்டையின் படம். காலையில் எரிமலை, பின்னேரம் நகரம், மொத்தம் எட்டு மணித்தியாலம் என்று போட்டிருக்கிறது. நாலு நாளாய் அதன்மேல் சீனிப்போத்தலைத் தூக்கி வைத்திருக்கிறேன்.

"அம்மா பாத்ததை நானும் பாக்கவேணும், அன்ரி. நீங்களும் வாங்கோ. அம்மா நிண்ட ஸ்பொட்டை எனக்குக் காட்டுங்கோ" என்றாள்.

நீ அங்கே நிற்கவேயில்லை. அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அவள் கேட்ட விதத்தில் எனக்கு ஒரு சந்தேகம். இவளுக்கு ஏதாவது தெரியுமோ, தெரிந்துகொண்டுதான் என் வாயைக் கிண்டுகிறாளோ என்று. உன்னைப் போலவே சிரித்துச் சிரித்து விசாரிக்கிற பிள்ளை அது. தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

நீ சிரிப்பாய், எனக்குத் தெரியும். கனடாவுக்கு வந்த புதிதில், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் ஒரே அறையில் இருந்த காலத்திலேயே எனக்கு 'சீஐடி' என்று பட்டம் வைத்தவள் நீ. கதவுக்கு மூன்று கொண்டி போட்டவள் நான். தண்ணிக்குழாய் திருத்த வந்தவனை அவன் வேலை முடிக்கும்வரை பின்னால் நின்று பார்த்தவளும் நான்தான். நீயோ அவனுக்குக் கோப்பி போட்டுக் கொடுத்து, ஊரில் பிள்ளைகள் எத்தனை என்று கேட்பாய்.

ஆனால் ஒன்று. என் சந்தேகத்தை நீ ஒருநாளும் தட்டியதில்லை. அதற்குக் காரணம் வேறொரு அறை.

கனடாவுக்குக் களவாய் வரும் வழியில், எங்களைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் எங்கள் பதினொரு பேரையும் பூட்டி வைத்திருந்த அறையைத்தான் சொல்கிறேன். நானும் நீயும் அங்கேதான் முதன்முதல் கதைத்துக்கொண்டோம். சுவரில் ஒரு பழைய கலண்டர், அதில் புகை விடுகிற மலை ஒன்று. வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் மூன்று நாளும் நீ அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாய். "இதுக்குள்ளையிருந்து தப்பினால் ஒருநாளைக்கு உப்பிடி ஒரு மலையின்ரை வாயை எட்டிப் பாக்கவேணும்" என்றாய். விசர் பெட்டை என்று நினைத்தேன்.

நாலாம் நாள் ஏஜென்சிக்காரன் புது ஆள் ஒருவனோடு வந்தான். கெதியாய் நடக்கமுடியாத ஆக்கள் இவரோடு போங்கோ, மற்ற ஆக்கள் என்னோடு என்றான். உனக்குக் காலில் வீக்கம். நீ எழுந்து புது ஆளின் பக்கம் போனாய். எனக்கு அடிவயிறு பற்றி எரிந்தது. உன் கையைப் பிடித்து இழுத்து, இவள் என்ரை தங்கச்சி, நான் தூக்கிக்கொண்டு வாறன் என்று பொய் சொன்னேன். புது ஆளோடு போன நாலு பேரும் எங்கேயோ பொலிஸில் பிடிபட்டு மறியலில் கிடந்து, பிறகு திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று இங்கே வந்துதான் கேள்விப்பட்டோம். அன்றிலிருந்து நான் வேண்டாம் என்றால் உனக்கும் வேண்டாம்.

எத்தனையோ வருசம் கழித்து, நீ வேலையிலிருந்து ஓய்வெடுத்தபோது உன் பிள்ளைகள் எடுத்துத் தந்த கப்பல் பயணம். துணைக்கு நான். நேப்பிள்ஸில் இறங்கும்போது பாஸ்போட்டைக் கப்பல் அறையிலேயே வையுங்கோ, கப்பல் கார்ட் மட்டும் போதும் என்றார்கள். எல்லாரும் வைத்தார்கள். நான் என்னுடையதைச் சீலைத்துண்டில் சுற்றி உள்பாவாடையில் ஊசி குத்திக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் மஞ்சள் குடையோடு நின்ற வழிகாட்டி எங்களைத் தலை தலையாய் எண்ணினான். ஏறும்போது ஒருக்கால், வெளிக்கிடும்போது ஒருக்கால்.

"உவன் ஏன் ரெண்டுதரம் எண்ணுறான்?"

"எடியே சீஐடி, ஆள் தவறக்கூடாதெண்டு எண்ணுறான். பேசாமல் வெளியிலை பார்" என்றாய்.

மலையில் பஸ் ஓரளவுக்குத்தான் ஏறும். மிச்சம் நடை. கரியும் சாம்பலும் கலந்த குறுணிப் பாதை, கால் வைத்தால் சறுக்கியது. உனக்கு மூச்சு வாங்கியது. வளைவுக்கு வளைவு நின்றாய், ஆனாலும் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கீழே கடலும் நகரமும் தெரிய, நீ மேலே மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்தாய். விளிம்பில் நிற்கிற ஆட்களின் தலைகள் தெரியத் தொடங்கிவிட்டன.

அப்போதுதான் வழிகாட்டி இறங்கி வந்தான். கூட இன்னொருவன். ஆறுதலாய், மெதுவாய் நடக்கிற ஆக்கள் இவரோடு வாருங்கள், மேலே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டுச் சின்ன வான் வண்டியில் நகரத்துக்குக் கொண்டுவருவார் என்றான். பக்கத்தில் நின்ற கிழவனும் கிழவியும் நன்றி சொல்லி அந்த ஆளோடு சேர்ந்துகொண்டார்கள்.

எனக்கு மலையும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை. அந்த அறைதான் தெரிந்தது. உன் கையைப் பிடித்தேன்.

"வா, இறங்குவம்."

"மேலை பத்து நிமிசம்தானாம்."

"உவன் ஏன் ஆளை மாத்திறான்? வா எண்டால் வா."

நீ ஒருதரம் மேலே பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். "சரி" என்றாய். அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஏசியிருக்கலாம்.

ஒருவருக்கும் சொல்லாமல் இறங்கி, ரக்சி பிடித்து, துறைமுகத்துக் கோட்டை மதிலோரம் வந்து குந்தினோம். கப்பல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தை விட்டு நான் அசையவில்லை. பெரிய சதுக்கம், கண்ணாடிக் கூரைக் கடைவீதி, இசை அரங்கு என்று இந்தத் தாளில் போட்டிருக்கிற எல்லாம் நடந்து போகிற தூரத்தில்தான் இருந்தன. நீ எழுந்து போய்ப் பார் என்றுகூட நான் சொல்லவில்லை. பின்னேரம் மற்றவர்கள் வந்தார்கள். அந்தக் கிழவனும் கிழவியும் முதல் ஆளாய்ச் சின்ன வான் வண்டியிலிருந்து இறங்கினார்கள், கையில் ஐஸ்கிறீம். மலைவாயின் முன்னால் எடுத்த படத்தை உனக்குக் காட்டினார்கள். வழிகாட்டி எங்களைக் கண்டதும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டான். ஒரு மணித்தியாலமாய் மலை முழுக்கத் தேடினானாம். நடிக்கிறான் என்று உன் காதுக்குள் சொன்னேன். அப்பவும் சொன்னேன், பார்.

கப்பலில் நீ அதைப்பற்றிக் கதைக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் என் சந்தேகம் பிழை என்று ஆகிவிடும், பிறகு நான் யார் என்று ஒரு வீம்பு. அடுத்த பனிக்காலம் முடியமுன் நீ போய்விட்டாய்.

உன் செத்தவீட்டில் உன் மகள் மைக்கைப் பிடித்துக் கதைத்தாள். "அம்மா அந்த வோல்கேனோவின்ரை வாயைப் பாத்தவா. உள்ளுக்கை பாக்கப் பாக்கக் கால் கூசினதாம். அன்ரிதான் கையைப் பிடிச்சு மேலை கொண்டுபோனவா" என்றாள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

ஏன் அப்படிச் சொன்னாய்? மில்லிக்கனில் இந்த வீட்டு யன்னலோரம் இருந்து எத்தனை நாள் யோசித்துவிட்டேன். உன் பிள்ளைகள் என்னில் பிழை பிடிக்கக்கூடாது என்றுதான். அந்த நினைப்பு என்னைத் தின்கிறது. உலகத்தில் ஒருவரையும் நம்பாத எனக்கு, நீ எனக்காகப் பொய் சொல்லுவாய் என்று மட்டும் சந்தேகம் வரவேயில்லை.

நேற்று அவளுக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, அம்மா மேலை போகேல்லை. நான்தான் போகவிடேல்லை" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், அறையையும் சேர்த்து. அந்த அறையைப்பற்றி நீ அவர்களுக்கு மூச்சே விட்டதில்லையாம்.

அவள் எங்கோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"இன்னும் எவ்வளவு தூரம் இருந்தது, அன்ரி?"

"பத்து நிமிசம்."

அழுதாள். நானும் அழுதேன். ஏசடி பிள்ளை என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவள் ஏசவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப நீங்களும் பாக்கேல்லை. ஐ வில் புக் ஃபோர் ரூ, எங்கள் ரெண்டு பேருக்கும். வாங்கோ" என்றாள்.

இரக்கத்தில் கேட்டாளோ, கோபத்தில் கேட்டாளோ, என்னைச் சோதிக்கிறாளோ, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஓம் என்று சொல்லிப்போட்டேன். கோவிக்காதே, உன் பொய்யை உடைத்துவிட்டேன். அந்தப் பாதையில் அவள் முன்னால் நடக்கட்டும். எவனாவது இறங்கி வந்து, மெதுவாய் நடக்கிற ஆக்கள் இவரோடு வாருங்கள் என்று சொன்னால், என் அடிவயிறு எரியும். அது என்னோடுதான் சாகும். எரியட்டும். அவள் கையைப் பிடித்து இழுக்கமாட்டேன்.