கரையில் உருவிய நூல்

என் அருமை பஷீரு,

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண் சூலூர், பெயர் வசந்தி. போன வாரம் அது நின்றுபோகிற மாதிரி ஆகிவிட்டது. காரணம் நான்தான். ஆனால் பாதிப் பழியை உன்மேல் போடத்தான் இதை எழுதுகிறேன்.

"உன் கல்யாணத்துக்குக் கோட்டு நான்தான் தைப்பேன், துணி எடுக்கவும் கூட வருவேன், நீ வாயைத் தொறக்காம நின்னாப் போதும்டா மச்சான்" என்று சொன்னவன் நீதானே? ஆஸ்பத்திரிக்கு வாடா என்று நான் கத்திக் கொண்டிருக்கும்போதே மஞ்சள் காமாலையோடு போய்ச் சேர்ந்துவிட்டாய். எட்டு மாதமாகிறது. நான் எடக்காகப் பேச ஆரம்பித்தால் மேசைக்கடியில் என் காலை மிதிப்பாயே, இனி யார் மிதிப்பது?

ரிசப்ஷன் கோட் பெண் வீட்டுச் சீர். வசந்தியின் அப்பா என்னை ஒப்பணக்கார வீதி ஜவுளிக்கடைக்குக் கூட்டிப்போனார். சூலூரில் விசைத்தறி ஓட்டுகிறவர். வழியெல்லாம் "வாங்க மாப்பிள்ளை, பாத்து வாங்க மாப்பிள்ளை"தான். கடையில் ஒரு மணி நேரம் துணியை விரித்துப் போட்டார்கள். நான் சாம்பல் நிறத்தைப் பார்த்தேன். அவர் கருநீலத்தில் கையை வைத்தார். "ப்யூர் உல்லனுங்க மாப்பிள்ளை. உங்க நெறத்துக்கு எடுப்பா இருக்கும்."

எனக்குத் தெரியாததா? மூன்று வருஷம் டெக்ஸ்டைல் டிப்ளமோ, இரண்டு வருஷம் மில் லேபில் வேலை. நகத்தால் ஒரு நூலை உருவினேன். தீப்பெட்டி கேட்டுப் பற்ற வைத்தேன். நூல் சுருண்டு உருகி, நுனியில் கறுப்பு மணியாக இறுகியது. உல்லன் உருகாது, பஷீரு.

"இது பாலியஸ்டர். உங்களை நல்லா ஏமாத்தறாங்க" என்றேன், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி.

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா கையைக் காட்டி, "விடுங்கண்ணா" என்று நிறுத்தினார். படியிறங்கிய பிறகுதான் என்னிடம் பேசினார்.

"நாளைக்கு என்ர புள்ள போட்டுட்டு வர்ற நகையையும் இப்படித்தான் உரசிப் பாப்பீங்களா தம்பி?"

உள்ளே போகும்போது மாப்பிள்ளை, வெளியே வரும்போது தம்பி. துணி எடுக்காமலே பஸ் ஏறிவிட்டார். இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டுக்குப் போன் வந்தது. பத்திரிகை அடிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டாராம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுபடி அதே கடைக்குப் போய் அந்தத் துணியில் ஒரு துண்டு வாங்கினேன். லேப் ரிப்போர்ட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும் என்று வெறி. இந்தத் தடவை நடுவிலிருந்து நூல் எடுத்தேன், நெடுக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று. பற்ற வைத்ததும் முடி பொசுங்குகிற நாற்றம். சாம்பல் விரல் பட்டதும் பொடிந்தது.

சுத்தமான உல்லன்.

அன்றைக்கு அவசரத்தில் நான் உருவியது துணியின் ஓரக்கரையில். கரை அறுந்துபோகாமல் இருக்க அங்கே மட்டும் பாலியஸ்டர் விட்டு நெய்திருக்கிறார்கள். கரையில் நூல் எடுக்காதே என்பது முதல் வருஷப் பாடம்.

ஒரு நாள் முழுக்க அந்தத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றுகூட நினைத்தேன். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

நேற்று சூலூர் போனேன். தறிச் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "தப்பு என்னுதுங்க மாமா. கரையில உருவிப்போட்டேன்."

அவர் தறியை நிறுத்தினார். "அப்பவே பாத்தனுங்க. தறியோடவே கெடக்கறவன், எனக்குத் தெரியாதுங்களா? கடைக்காரர் முன்னால சொன்னா உங்களுக்குக் கேவலம்னு உட்டுட்டேன்."

"அப்பறம் எதுக்குங்க பத்திரிகையை நிறுத்துனீங்க?"

"நூலுக்காக இல்லீங்க. அத்தன பேரு முன்னால பேசுன வாயி, நாளைக்கு என்ர புள்ளகிட்ட என்ன பேசுமோன்னுதான்."

வசந்தி ஒரு சொம்பைக் கொண்டுவந்து வைத்தாள். "தண்ணிதானுங்க. டெஸ்ட் பண்ணிப்போட்டுக் குடிங்க."

யாரும் சிரிக்கவில்லை. மாமா சட்டையை மாட்டினார். "தப்புன்னு தேடி வந்து சொன்னீங்கல்ல. வாங்க, அந்தத் துணியவே எடுத்துப்போடலாம்." பஸ்ஸில் சிங்காநல்லூர் வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை என்று ஒரு தடவைகூட வரவில்லை.

கடையில் கருநீலத்தை விரித்த கடைக்காரர் என்னைப் பார்த்தார். "தீப்பெட்டி எடுத்தாரச் சொல்லட்டுங்களா?"

நான் வாயைத் திறக்கவில்லை. மாமாதான் சொன்னார்: "மாப்பிள்ளைக்கு மூணேகால் மீட்டர் கிழிங்கண்ணா."

உன் அளவு நோட்டை வைத்து உன் அண்ணன் வெட்டப்போகிறார். அதில் என் அளவு இருக்கிற பக்கத்தில் 'இடது தோள் கொஞ்சம் இறக்கம்' என்று எழுதி வைத்திருக்கிறாய். இத்தனை வருஷம் என்னிடம் சொன்னதே இல்லையேடா.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி எவரிடமும் வாயெடுக்கும் முன் என் காலை நானே மிதித்துக்கொள்வேன், நீ மிதிக்கிற அதே அழுத்தத்தில். பேச்சு அதற்கப்புறம்தான்.

தோள் இறங்கிய உன் மச்சான்,
கதிர்வேலு