வெள்ளைப் புள்ளிகள்

மார்ச் 4
கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தி இறங்கியவள் அப்படியே சாய்ந்துவிட்டேன். நல்லவேளை, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தபோது இல்லை. கண்டக்டர் முகத்தில் தண்ணீர் தெளித்தாராம். இத்தனை வருஷ டிரைவர் வேலையில் இப்படி ஒரு நாள் வந்ததே இல்லை. தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்.

மார்ச் 6
ஸ்கேன் குழாய்க்குள் ஒரே இடிசத்தம். டாக்டர் கூப்பிட்ட நேரம் எனக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மகள் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"மூளைல வெள்ளை வெள்ளையா புள்ளி இருக்காம்மா. கொஞ்சம் சுருங்கியும் இருக்காம். இனிமே வண்டி ஓட்டக் கூடாதாம்."

"டாக்டரா சொன்னாரு?"

"பின்ன நானா சொல்றேன்?"

மார்ச் 7
ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். நான் படிக்கும் ஆங்கிலம் ஊர்ப்பலகையோடு சரி. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. புள்ளி என்றால் கட்டியா? பரவுமா? எத்தனை நாள் தாங்குவேன்? மகளைக் கேட்டால், "தெரிஞ்சு என்ன ஆகப்போகுது, விடும்மா" என்கிறாள்.

மார்ச் 15
டிப்போவுக்குப் போனேன். எங்களுக்கு வண்டி ஒதுக்கும் அதிகாரியை எல்லோரும் மீசை என்போம். வேலையை விடுகிறேன் என்றதும், "அவசரப்படாதம்மா, லீவு எழுதிக் கொடு" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டுக் கழிவறைக்குள் போய் அழுதேன்.

ஏப்ரல் 2
மகளுக்கு எட்டாம் மாதம். தொட்டிலை வாங்கி என் அறையில் போட்டிருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மூளை சுருங்கினவகிட்ட பச்சப்புள்ளய விடலாமா?" என்றேன்.

"புள்ளையப் பாத்துக்கத்தானேம்மா. பஸ்ஸா ஓட்டப்போற?"

சுருக்கென்றது. நாளைக்கே டாக்டரைப் பார்க்க நேரம் கேட்க வேண்டும். தனியாகத்தான் போவேன்.

ஏப்ரல் 9
படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, டாக்டர் பொறுமையாகக் காட்டினார்.

"இது கட்டி இல்லம்மா. ரத்தக்கசிவு இல்ல, பக்கவாதமும் இல்ல. வயசானா முடி நரைக்குதுல்ல? உள்ள இருக்கற சின்ன ரத்தக்குழாய்க்கும் வயசாகும். அதான் இந்தப் புள்ளி. சுருக்கமும் உங்க வயசுக்குத் தகுந்ததுதான்."

"அப்ப நான் ஏன் விழுந்தேன்?"

"வேலை நேரத்துல தண்ணி குடிப்பீங்களா?"

எங்கே குடிப்பது? கடைசி நிறுத்தத்தில் ஆண்களுக்குச் சுவர் இருக்கிறது. எங்களுக்கு? பெண் டிரைவர்கள் யாருமே ஷிஃப்ட் முடியும்வரை நாக்கை நனைப்பதில்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வோம்.

"மத்த டெஸ்ட் எல்லாம் நல்லாதான் இருக்கு. நல்லா தண்ணி குடிக்கட்டும், ரெண்டு வாரம் கழிச்சு ஓட்டலாம்னு அன்னைக்கே உங்க பொண்ணுகிட்ட சொன்னேனே?"



ஏப்ரல் 10
மகளிடம் கேட்டேவிட்டேன். மறுக்கவில்லை.

"பயமா இருந்துச்சும்மா. நீ கூட இல்லாம இந்தப் புள்ளைய எப்படி வளப்பேன்?"

"அத வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வண்டிய விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். அதுக்காக? தெனம் சாவ நெனச்சுக்கிட்டே படுத்தேனே. பக்கத்துல உக்காந்து என் தலையத் தடவிக் குடுத்தாளே— எந்த மனசோட தடவினா? ஊரான் செஞ்சா ஊரக் கூட்டியிருப்பேன். பெத்த மக செஞ்சத யார்கிட்டச் சொல்ல?

ஏப்ரல் 11
பேசவில்லை. சாப்பிடவும் இல்லை.

மே 20
பெண் குழந்தை. மூக்கு அப்படியே என் மூக்கு. தூக்கிக் கொஞ்சினேன். தாயிடம் பேசவில்லை. மாப்பிள்ளைதான் நடுவில் நின்று விழித்தார்.

ஜூன் 23
மறுபடி என் பஸ். பெண் டிரைவர்கள் சேர்ந்து மீசையை நச்சரித்ததில், கடைசி நிறுத்தத்துக்கு எதிரில் உள்ள பள்ளியில் எங்களுக்குக் கழிவறை திறந்துவிடுகிறார்கள். வாட்டர் பாட்டிலோடு ஓட்டுகிறேன்.

மகளும் மாப்பிள்ளையும் இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துப் போய்விட்டார்கள். நான் தடுக்கவில்லை. விடுமுறை நாளில் குழந்தையைப் பார்க்கப் போகிறேன். மகள் ஏதாவது கேட்டால் அதற்கு மட்டும் பதில், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 17
இன்று எனக்கு விடுமுறை. காலையில் மகள் கூப்பிட்டாள்.

"பாப்பாவுக்கு உடம்பு கொதிக்குதும்மா. இப்பவே வர்றியா? ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"அப்படியா?" என்றேன். வருகிறேன் என்று சொல்லவில்லை.

அவள் போனை வைத்துவிட்டாள். உடனே ஒரு படம் வந்தது. தெர்மாமீட்டர். நான் கேட்கவே இல்லை.

ஆனால் படத்தைப் பெரிதாக்கி, அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.